இதர செலவு

கேத்தல் சின்னம் விழுந்தது எங்களுக்கு.
கச்சேரியில் சீட்டெடுத்த அன்று
ஐஸ் முதலாளி குலவீரசிங்கம்
ஒருதரம் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
இருபத்தாறு வருசம் தண்ணீரைக் கல்லாக்கி விற்றவருக்குக்
கொதிக்கிற பாத்திரம்.

உட்துறைமுக வீதி ஐஸ் பக்டரியில்
நான் கணக்கு எழுதுகிறவள்.
நோட்டீசு, பசை, லவுட்ஸ்பீக்கர், ஓட்டோவுக்குப் பெற்றோல்,
எல்லாம் எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
"இதர செலவு" என்றார்.
அந்தத் தலைப்பின் கீழ் அதுவரை இருந்தது
எலிப்பாஷாணமும் ஒரு மலர்வளையமும்.

"நான் அரசியல்வாதி இல்லை" என்பதுதான்
அவருடைய முழு அரசியல்.
உவர்மலையில் சொன்னார், கைதட்டினார்கள்.
கிண்ணியாவில் பாலத்தடியில் சொன்னார்,
"அப்ப என்னத்துக்கு முதலாளி வந்த?" என்றான் ஒரு பொடியன்,
அதற்கும் கைதட்டினார்கள்.
சீனக்குடாவில் சிங்களத்தில் சொன்னார்,
கடதாசியைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தும் பிழையில்லாமல்.
"மாகாணம் நட்டத்தில் ஓடும் கம்பனி.
என்னிடம் தாருங்கள், ஐந்து வருசத்தில் லாபம் காட்டுகிறேன்."
லாபத்தை யாருக்குப் பிரிப்பது என்று
கொப்பி வைத்திருக்கிற எனக்கு மட்டும் ஒரு யோசனை.

இரவில் ஒட்டியதை
விடியமுன் மான்கள் தின்றன,
பஸ் நிலையத்தில் படுத்தெழும்பும் அதே புள்ளிமான்கள்.
கோதுமைமா கூடிப்போச்சு என்று
பசை காய்ச்சிய றமீஸ் ஒப்புக்கொண்டான்.
கட்சிக்காரர் பசையில் ஏதோ கலப்பார்களாம்,
அவர்கள் முகம் கிழியாமல் நிற்கிறது.
எங்களுடையதில்
நெற்றியும் கேத்தலும் மிச்சம்.

திருக்கடலூரில்
வலை காயும் மணலில் இருபது கதிரை.
"நான் வெளியாள்" என்று தொடங்கினார்,
"இந்தச் சேற்றில் இதுவரை கால் வைக்காதவன்."
மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்த ஜெசிந்தா
எழும்பாமலே கேட்டா:
"எண்ணெய் இல்லாத அந்த வருசம்
ஒரு கட்டி ஐஸ் என்ன விலைக்கு வித்தனீங்கள்?
அப்ப உள்ளாளோ, வெளியாளோ?"
மைக் ஒருக்கால் கீச்சிட்டது.
கடல் தன்பாட்டில்.
பதிலுக்கு முதல் தேநீர் வந்துவிட்டது,
கேத்தலிலிருந்துதான் ஊற்றினார்கள்.

இரவு பதினொரு மணிக்கு பக்டரிக்கு வந்து
அந்த வருசக் கொப்பியை எடு என்றார்.
கொம்பிரசர் இரைந்துகொண்டிருந்தது.
ஜூன். ஜூலை. ஓகஸ்ட்.
விலை மூன்று மடங்கு, என் கையெழுத்து வடிவாகத்தான் இருந்தது.
ஜெனரேற்றர் டீசல் என்று ஒரு பக்கத்தில் நியாயம்.
மறுபக்கத்தில், அதற்கு மேலும் மிஞ்சியது.
விரலால் தடவிப் பார்த்தார்.
"இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாம்."
"நீங்கள் கேட்கேல்லை" என்றேன்.
இன்னொன்றும் சொல்ல இருந்தது,
சம்பளம் இருபத்தைந்தாம் தேதி.

ஐஸ் உருகும் என்று உவமை சொல்ல எனக்கு ஏலாது.
உருகுவதை நூற்றுக்கு எட்டு என்று
முதலிலேயே கழித்துவிடுகிற ஆட்கள் நாங்கள்.
வாக்குத் தருகிறோம் என்று கைபிடித்தவர்களிலும்
எட்டைக் கழித்து எழுதச் சொன்னார்.
பதினோராயிரத்துச் சொச்சம் வந்தது.
பெட்டி திறந்தபோது
ஆயிரத்து நானூற்றுப் பதினேழு.

இப்போது செலவறிக்கை கொடுக்கவேண்டும்,
நாள் குறித்துக் கடிதம் வந்திருக்கிறது.
நேற்று ஒரு பெயர்ப்பட்டியலை மேசையில் வைத்தார்:
திருக்கடலூர், பள்ளத்தோட்டம், மனையாவெளி,
ஆளுக்குப் பத்துக் கட்டி, காசில்லை.
"தேர்தல் முடிஞ்சுதே" என்றேன்.
"அதுதான்" என்றார்,
லொறி ஏற்றுகிற பக்கம் பார்த்துக்கொண்டு.

இன்று விடிய ஜெசிந்தா வந்தா.
நனைந்த நோட்டுகளை எண்ணி வைத்தா.
"சும்மா வேண்டாம். சரியான விலைக்குத் தா,
ரசீது எழுதித் தா."

எழுதிக் கொடுத்தேன்.
அந்தக் காசை விற்பனையில் பதிந்தேன்.
மற்றவர்களின் பத்துக் கட்டிகளை
இன்னும் ஒரு தலைப்பிலும் எழுதவில்லை.